லண்டன் வீட்டுத் துப்பாக்கி

வேதமாணிக்கம் அண்ணாச்சி கடைசி ஸ்க்ரூவைக் கழற்றி, காலித் தீப்பெட்டிக்குள் போட்டு மூடினார். துப்பாக்கியைக் கவிழ்த்துப் பிடித்து உள்ளங்கையால் கட்டையில் ஒரு தட்டு தட்டினார். இரும்பு தனியாகவும் கட்டை தனியாகவும் கழன்று வந்தன.

அது அப்படி இரண்டாகப் பிரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிறந்ததிலிருந்து வீட்டில் பார்த்து வந்த பொருள். சொந்தக்காரர் ஒருவரைச் சட்டையில்லாமல் பார்த்துவிட்டது போலக் கூச்சமாக இருந்தது. முகத்தைத் திருப்பிக் காலண்டரைப் பார்த்தேன்.

கட்டைக்குள்ளிருந்து ஒரு வாசனை வந்தது. வெகுநாள் திறக்காத மர பீரோவின் வாசனை, அதோடு காறிப்போன எண்ணெயின் நெடி.

தேனி பஜாரில் அண்ணாச்சியின் கடை. முன்பக்கம் பூட்டு, தாழ்ப்பாள், மண்வெட்டி. உள்ளே கம்பிக் கதவுக்கு அப்பால், துப்பாக்கி விற்கவும் பழுது பார்க்கவும் லைசென்ஸ் பெற்ற ஒரு சிறிய அறை. அங்கேதான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் குழலின் அடிப்பக்கத்தைத் துடைத்தார். லென்ஸை வைத்துப் பார்த்தார். மறுபடி துடைத்தார்.

"தம்பிக்கு இங்கிலீஷ் வாசிக்க வருமா?"

"எழுத்துக் கூட்டி வாசிப்பேன் அண்ணாச்சி."

"அப்ப நீங்களே வாசிங்க. நான் வாசிச்சுச் சொன்னா நம்ப மாட்டீக."

பொடி எழுத்தில் மூன்று சொற்கள். நாட். இங்லிஷ். மேக். இங்கிலாந்தில் செய்ததல்ல என்று இரும்பிலேயே அடித்திருந்தது.

எங்கள் ஊர் தேவாரத்தில் எங்கள் வீட்டுக்குப் பெயரே 'லண்டன் வீடு'.

பெயர் வந்த விதம்

போன வாரம் திராட்சைத் தோட்டத்துக்கு வந்த காட்டுப்பன்றிகளைப் பற்றி எழுதியிருந்தேன். "துப்பாக்கி இருந்த வீட்டில் பன்றிக்கு ஏன் வெடி போட்டு விரட்டினீர்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எங்கள் துப்பாக்கிக்குத் தோட்டா கிடைப்பது நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. அப்பா அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போய், பையிலிருந்து ஓலைவெடியை எடுத்துக் கொளுத்துவார். பன்றிகள் வெடிக்குப் பயந்தன. ஊர்க்காரர்கள் துப்பாக்கிக்கு மரியாதை கொடுத்தார்கள்.

மலை மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்த துரை, ஊரைவிட்டுப் போகும்போது தாத்தாவுக்கு அதை விற்றுவிட்டுப் போனார். போல்ட்டை இழுத்துத் தள்ளிச் சுடுகிற வேட்டை ரைஃபிள். குழலின் மேல்பக்கம் ஒரு கம்பெனியின் பெயரும், அதற்குப் பக்கத்தில் லண்டன் என்றும் செதுக்கியிருந்ததாம். கம்பெனிப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. லண்டன் நுழைந்துவிட்டது.

அப்புறம் அது துப்பாக்கியை விட்டு வீட்டுக்குத் தாவியது. என் கல்யாணப் பத்திரிகையில்கூட அடைப்புக்குள் லண்டன் வீடு என்று போட்டிருந்தார் அப்பா. பள்ளிக்கூடத்தில், "ஏலே, லண்டன் துரைக்கு டவுசர் கிழிஞ்சிருக்குடா" என்பார்கள். சின்னமனூரிலிருந்து வரும் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் இருந்தார். எங்கள் நிறுத்தம் வந்ததும், "லண்டன் எறங்கு, லண்டன் எறங்கு, பிளேன் ரொம்ப நேரம் நிக்காது" என்று கத்துவார். நான் தலையைக் குனிந்துகொண்டே இறங்குவேன். என் அண்ணன் வேலுச்சாமி அப்படியில்லை. படியில் நின்று, "மெதுவா எறக்குய்யா, உள்ள ராணி இருக்காக" என்று திருப்பிக் கொடுப்பான்.

புளியும் சாம்பலும்

குழலின் மேலிருந்த அந்த எழுத்துகளை நான் முழுதாகப் பார்த்ததே இல்லை. காரணம் ஆயுத பூஜை.

பூஜைக்கு முந்தின நாள் பித்தளைக் குத்துவிளக்கு, அண்டா, செம்பு எல்லாம் துலக்க வெளியே வரும். அதோடு துப்பாக்கியும் வரும். போல்ட்டை உருவித் தனியாக வைத்துவிட்டு, புளியும் சாம்பலும் சேர்த்து, தேங்காய் நாரால் குழலை மட்டும் அப்பாவே தேய்ப்பார்; கட்டைப் பக்கம் நார் படாது. துரை கொடுத்தபோது இரும்பு கருநீலமாக இருந்ததாம். அதை அழுக்கு என்று நினைத்துத் தாத்தா தேய்க்க ஆரம்பித்திருக்கிறார். எனக்கு விவரம் தெரிந்தபோது அது எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. துப்பாக்கி வைத்திருக்கும் மற்ற வீட்டார் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள் என்று அப்பா சொல்வார்.

இப்படி வருஷா வருஷம் தேய்த்ததில் கம்பெனிப் பெயர் போய்விட்டது. லண்டன் என்ற சொல்லில் இரண்டு எழுத்தும், நம்பரின் வாலில் இரண்டு எண்ணும் மங்கலாக மிஞ்சின.

தேய்த்து முடித்ததும் பலகையில் கிடத்துவார்கள். குழல் வாய் சாமியைப் பார்த்து இருக்கக் கூடாது என்பது அப்பாவின் கண்டிப்பு. வாய் வாசலைப் பார்க்கும், அடிக்கட்டை சாமியைப் பார்க்கும். அதனால் சந்தனம், குங்குமம், பூ எல்லாம் அடிக்கட்டைக்குத்தான். முதலில் அம்மா வைத்தாள். அவள் போனபின் என் மனைவி தங்கம் வைத்தாள்.

இரண்டு நம்பர்

தேனி தனி மாவட்டமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அப்பா இறந்ததும் முறைப்படி துப்பாக்கியை அண்ணாச்சி கடையில் ஒப்படைத்தோம். அப்பா இருந்தது என்னோடு என்பதால் லைசென்ஸை என் பெயருக்கு மாற்றுவது என்று பேச்சு. அண்ணனும் மறுக்கவில்லை. சின்னமனூரில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தான். "ஒன் பேர்லயே வாங்கிக்க. எனக்குத் தாரு ஏத்தி எறக்கவே நேரம் பத்தல" என்றான்.

மாவட்ட அலுவலகத்தில் இரண்டு கேட்டார்கள். அண்ணனுக்கு ஆட்சேபணை இல்லை என்று அவன் கையெழுத்து. செய்தவர் பெயரும் நம்பரும் லைசென்ஸில் உள்ளபடி துப்பாக்கியில் இருக்கின்றன என்று கடைக்காரர் சான்று. மேல்பக்கம் தேய்ந்துவிட்டதால்தான் அண்ணாச்சி கட்டையைக் கழற்றினார்.

அந்த மூன்று சொற்களோடு இன்னும் பலதும் இருந்தன. தலையில் கிரீடம் வைத்த தனி எழுத்துகள். வாள் போலக் குறுக்கே இரண்டு கோடுகள். ஒரு நம்பர். அது லைசென்ஸில் இருந்த நம்பர் இல்லை.

"இந்தக் கிரீடமெல்லாம் ஜெர்மனிக்காரன் முத்திர மாதிரி இருக்கு. இந்தக் குறுக்குக் கோடு இங்கிலாந்துல சோதிச்சுப் பாத்து அடிக்கிற முத்திர. அந்த மூணு சொல்லும் அவன் அடிச்சதுதான்" என்றார் அண்ணாச்சி.

"அப்ப இது எங்க துப்பாக்கி இல்லையா அண்ணாச்சி?"

"இல்லனு நான் சொல்லல தம்பி. மேல மங்கலா மிஞ்சுன ரெண்டு எண்ண மட்டும் வச்சு இதுதான்னும் எழுதிக் குடுக்க முடியாது. லைசென்ஸ்ல உள்ளது ஒண்ணு, கையில இருக்கது ஒண்ணுனு ஆயிட்டா கேசு. அப்பா இல்ல. இப்ப பொறுப்பு நீங்கதான்."

அவர் டீ வாங்கிக் கொடுத்தார். நான் அதை ஊதிக்கொண்டே இருந்தேன். குடித்தேனா என்று நினைவில்லை.

மண்டியில்

அங்கிருந்து நேராக அண்ணன் மண்டிக்குப் போனேன். பச்சை வாழைத்தார்கள் சுவர் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. தரையெல்லாம் சருகும் வாழைப்பாலுமாகப் பிசுபிசுத்தது. கேரளாவுக்குப் போகும் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"என்னலே சொல்ற? இங்கிலீஷ்காரன் செய்யலையா?"

"அப்படித்தான் அடிச்சிருக்கு அண்ணே."

"எவன் அடிச்சான்?"

"இங்கிலீஷ்காரந்தான்."

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "காலைல சாப்ட்டியா இல்லையா?"

நம்பரைப் பற்றிச் சொன்னேன். அவன் முகம் மாறியது. லாரிக்காரனை நிற்கச் சொல்லிவிட்டு என்னைச் சருகுக் குவியல் பக்கம் கூட்டிப் போனான்.

"அப்பா ஒன்கூடத்தான இருந்தாக?"

"ஆமா."

"துப்பாக்கி ஒன் வீட்டு பீரோலதான கெடந்துச்சு?"

"ஆமா அண்ணே."

"இடையில எவன் கைக்காச்சும் போச்சா? மலைல வேட்டைக்குத் திரியிற பயலுக நல்லத வாங்கிக்கிட்டு இந்த ஓட்டையக் குடுத்துட்டாய்ங்களா? அப்பா கடைசில படுக்கைல கெடந்தாக. அவுகளுக்கு என்ன தெரியும்?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு அந்த நேரத்தில் வராது. காது சூடாகும், நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதோடு, தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் ஒப்படைத்து வாங்கியதெல்லாம் நினைவுக்கு வந்து, ஒவ்வொன்றாக யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். யோசிக்கிற முகம் திருடன் முகம் மாதிரிதான் இருக்கும்.

"வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றான் அண்ணன். பிறகு குரலைத் தாழ்த்தி, "கையெழுத்து இப்ப வேணாம். பாப்போம்" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் தங்கம் கேட்டாள், "இல்லனு சொன்னீகளா?"

"சொல்லத்தான் நெனச்சேன்."

"நல்லா நெனச்சீக. நீங்க பேசாம வந்தா அவுக என்னத்த எடுத்துக்கிருவாக? கல்யாணம் பேச வந்தப்பவும் இப்படித்தான் நின்னீக. எங்கப்பாரு ஊமைனு நெனச்சு எந்திரிக்கப் பாத்தாரு."

மூன்று தேசம்

அதன்பின் நடந்தது என்னை இன்னும் குழப்பியது.

ராயப்பன்பட்டியில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். அவரைக் கடைக்கு அழைத்துப் போனேன். கையில் வாங்கிப் பார்த்தவுடனே, "இது சண்டைக்குச் செஞ்ச துப்பாக்கி. மூக்க அறுத்து, கட்டைய மாத்தி, வேட்டைத் துப்பாக்கி ஆக்கிட்டாய்ங்க" என்றார். அண்ணாச்சி அதை ஒத்துக்கொள்ளவில்லை. பட்டாளத்துத் துப்பாக்கியில் இவ்வளவு நேர்த்தியாக வேலை செய்ய மாட்டார்கள் என்றார். இருவரும் என் தலைக்கு மேலே வாதம் செய்தார்கள்.

அண்ணாச்சி சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளை முத்திரைகளின் மேல் வைத்து நகத்தால் தேய்த்து, அச்செடுத்து, மதுரையில் தெரிந்த வியாபாரிக்கு பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். அவர் போனில், குழல் பெல்ஜியத்தில் செய்ததாக இருக்கலாம் என்றாராம். இருக்கலாம் என்பதை அழுத்திச் சொன்னாராம்.

ஜெர்மனி, பெல்ஜியம், இங்கிலாந்து. பத்தாவதில் பூகோளத்தில் எனக்கு முப்பத்தைந்துக்கு மேல் வந்ததில்லை.

குலை வெட்டு நேரம் அது. தோட்டத்தில் பன்னீர் திராட்சையைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் அந்தத் துப்பாக்கியை எப்போது உற்றுப் பார்த்தேன்? கண்ணை மூடினால் போல்ட்டின் குமிழ் உருண்டையா, சப்பையா என்று சொல்லத் தெரியவில்லை. அப்பாவே ஏதாவது கஷ்டத்தில் மாற்றியிருப்பாரோ? நான் தோட்டத்தில் இருந்தபோது யாராவது வந்து போனார்களோ? அண்ணன் சந்தேகப்பட்டது போக, நானே என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

மக்கு

ஆயுத பூஜைக்குச் சில நாள் இருக்கும்போது அண்ணாச்சி எங்கள் இருவரையும் வரச் சொன்னார். அண்ணன் எனக்கு முன்னாலேயே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். நான் "அண்ணே" என்றேன். அவன் தலையை மட்டும் அசைத்தான்.

"பாக்க வேண்டியதெல்லாம் பாத்துட்டேன்" என்றார் அண்ணாச்சி. "பாக்காதது இது ஒண்ணுதான்." தோளில் படும் அடிக்கட்டையின் முனையைத் திருப்பிக் காட்டினார். அங்கே ஒரு இரும்புத் தகடு பதித்திருந்தது. "இதுக்குள்ள சில சமயம் நம்பர் அடிச்சிருப்பான். ஆனா ஒரு சங்கடம். இங்கன பாருங்க. ஸ்க்ரூ தலைய மூடி எவனோ, ஆசாரிக ஓட்டை அடைக்கிற மக்கு வச்சுப் பூசியிருக்கான். தகட்டக் கழட்டி என்னமோ செஞ்சுட்டு, தெரியாம இருக்க மூடியிருக்கான்."

அண்ணன் என் பக்கம் திரும்பினான். அவன் கண்ணில் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

நான் குனிந்து பார்த்தேன். தகட்டின் மேல்முனையில் கல் மாதிரி இறுகிய ஒரு வட்டம். பழுப்பு நிறம். அதன் ஓரத்தில் மயிரிழை போல ஒரு சிவப்பு.

"அது மக்கு இல்ல அண்ணாச்சி."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"மக்கு இல்ல. சந்தனம்."

"என்ன தம்பி?"

"சந்தனம் அண்ணாச்சி. பூசைக்கு வைக்கிறது. அடிக்கட்டைதான் சாமியப் பாத்து இருக்கும். அம்மா அங்கனதான் வைக்கும். சந்தனத்து மேல குங்குமம். நல்லா அமுக்கி வைக்கும், விழுந்துரக் கூடாதுனு."

என் வாழ்க்கையில் ஒரு கடையில் நான் சேர்ந்தாற்போல் பேசியது அன்றைக்குத்தான் அதிகம்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அவர் கிறிஸ்தவர்; வேதக்காரர் வீட்டில் துப்பாக்கிக்குப் பொட்டு வைப்பதில்லை. அவருக்கு அது மக்காகத் தெரிந்ததில் தவறில்லை. பழைய செய்தித்தாளை விரித்து, கட்டையை மடியில் நிறுத்தி, ஒரு கோணூசியால் சுரண்ட ஆரம்பித்தார்.

மேலாகக் கொஞ்சம் உதிர்ந்தது. உள்ளே மஞ்சள். அதற்குக் கீழே சிவப்புக் கோடு. மறுபடி மஞ்சள், மறுபடி சிவப்பு. வெங்காயத்தில் இருப்பது போல அடுக்கடுக்காக இருந்தது. கீழே போகப் போக நிறம் இருண்டுகொண்டே வந்தது.

அண்ணன் ஸ்டூலை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தான். தாளில் விழுந்த பொடியை விரலில் தொட்டு, இரண்டு விரலுக்கிடையில் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனான். கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை.

"அம்மா வச்சது" என்றான்.

இத்தனை வருஷம் யாரும் தொடாத ஸ்க்ரூ துருவேறி இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்தோம். வெளியே ஒருவர் வந்து கதவுக் கீல் கேட்டார். அண்ணாச்சி எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தார். சந்தனம் என்பது சரி. உள்ளே நம்பர் இல்லாவிட்டால்? வேறு நம்பராக இருந்துவிட்டால்?

தகடு வந்தது. உள்ளே மரம், இழைத்த அன்றைக்கு இருந்த நிறத்திலேயே இருந்தது. அதில் எண்கள் அடித்திருந்தன.

"லைசென்ஸ் ஜெராக்ஸ் யாருகிட்ட இருக்கு? வாசிங்க" என்றார் அண்ணாச்சி.

அண்ணன் வாசித்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் அண்ணாச்சி கட்டையைப் பார்த்து, "ம்" என்றார். கடைசி எண்ணுக்கு அவர் "ம்" சொல்லவில்லை. லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு, "ம்" என்றார்.

செய்தது யார்?

"அப்ப அந்த இன்னொரு நம்பரு?" என்றான் அண்ணன்.

"அது இரும்பு செஞ்சவன் போட்டது. இது கட்டைல பூட்டி வித்த லண்டன் கம்பெனிக்காரன் போட்டது. லைசென்ஸ் எழுதுனவுக மேல இருந்த கம்பெனி நம்பர எழுதியிருக்காக. அத நீங்க புளி போட்டுத் தேச்சுட்டீக."

"அப்ப செஞ்சது யாரு?"

"போல்ட்டு, அது பூட்டுற எடம், அதெல்லாம் ஜெர்மனிதான், அதுல சந்தேகமில்ல. குழல் தெரியல. கட்டை லண்டன்ல இழைச்சிருக்கணும். பேரு லண்டன் கம்பெனி பேரு."

நம்பருக்குப் பக்கத்தில் சின்னதாக இரண்டு எழுத்துகள் வேறு இருந்தன. ஆள் பெயரின் முதலெழுத்துகள் மாதிரி.

"இது யாரு?"

"கட்டை இழைச்ச ஆசாரியா இருக்கும்."

அண்ணன் கொஞ்ச நேரம் மேலே பார்த்தான். பிறகு தொடையில் தட்டிக்கொண்டான். "அட, கமிஷன் மண்டி! வெளைய வைக்கிறது இவன், பெட்டில முத்திர குத்துறது மண்டிக்காரன். கொச்சில போயி கேட்டா திராட்ச மண்டிக்காரன் தோட்டத்துல காச்சதுன்னுதான் சொல்லுவான்."

அண்ணாச்சி சிரித்துவிட்டார். அண்ணனும் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குத் தெளியவில்லை. எங்கள் தோட்டத்துத் திராட்சைக்கு நான் இருக்கிறேன் என்று சொல்லலாம். இதற்கு யார்? அந்த இரண்டு எழுத்துக்காரரா, கிரீடம் அடித்தவரா, பெயர் செதுக்கியவரா? இன்றைக்கும் யாராவது கேட்டால் நான் தலையைச் சொறிவேன்.

அலுவலகத்திலும் அதே சிக்கல். அண்ணாச்சி எல்லாவற்றையும் விவரமாக எழுதிக் கொடுத்திருந்தார். குமாஸ்தா படித்துவிட்டு, "செய்தவர்னு ஒரே எடம்தான் இருக்கு. யாரப் போட?" என்று என்னைக் கேட்டார். காது சூடாக ஆரம்பித்தது.

கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்தான். "லண்டன்னே போடுங்க சார். இல்லன்னா எங்க ஊர்ல பஸ் நிக்காது."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் அப்படியே எழுதினார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அண்ணன் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். புளி தேய்க்கக் கூடாது என்று அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், எண்ணெய்த் துணியால் துடைத்துப் பலகையில் கிடத்தினோம். வாய் வாசலைப் பார்த்து, அடிக்கட்டை சாமியைப் பார்த்து. தகட்டின் ஸ்க்ரூ புதிதாக மின்னியது. அந்த இடம் வெறிச்சென்று இருந்தது.

தங்கம் சந்தனக் கிண்ணத்தோடு குனிந்து, தயங்கி, என்னைப் பார்த்தாள். இரும்புக்கு ஈரம் ஆகாது, சந்தனமும் வேண்டாம் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன்.

அண்ணன் பின்னாலிருந்து சொன்னான்.

"அங்கனதாம்மா. நல்லா அமுக்கி வையி. நாளைக்கு எவனாவது கேட்டா எடுத்துக் காட்டணும்ல."